மூன்று புதுப்பட்டிகளும் ஒரு தீர்த்தக் குடமும்

சேலத்துக்கும் காவிரிக்கும் நடுவில் எத்தனை புதுப்பட்டி இருக்கிறது என்று எண்ணப் புறப்பட்ட சர்வேயர் ஒருவர், பாதியிலேயே குதிரையை விற்றுவிட்டுச் சாமியாராகப் போய்விட்டார். நம்பாதவர்கள் அவரையே கேட்டுக்கொள்ளலாம். ஏதோ ஒரு புதுப்பட்டியில்தான் இருக்கிறார்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஊர் பண்ணத் தெரியும், பேர் வைக்கத்தான் பொழுது கிடைக்காது. ஒரு கிணறு வெட்டி, நாலு குடிசை போட்டு, வேப்பமரத்தடியில் ஒரு கல்லை நட்டு மாரியம்மன் என்று கும்பிட்டுவிட்டால் அது புதுப்பட்டி. பழையபட்டி எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இப்போது ஊர்களுக்கெல்லாம் இனிஷியல் போட்டுவிட்டார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற மாதிரி ஆர்.புதுப்பட்டி, என்.புதுப்பட்டி என்று எழுதுகிறார்கள். நான் பஸ் கண்டக்டராக இருந்த யுத்த காலத்தில் ஊர்களுக்கு அப்பன் பேர் கிடையாது. "புதுப்பட்டி ஒண்ணு" என்று காசை நீட்டுவார்கள். எந்தப் புதுப்பட்டி என்று கேட்டால், "ஏன், நம்மூருதான்" என்பார்கள்.

எங்கள் வண்டி மோகனூரில் புறப்பட்டு, நாமக்கல், ராசிபுரம் வழியாகச் சேலம் போகும் கரி பஸ். பெட்ரோல் முழுக்கச் சண்டைக்குப் போய்விட்டது. பஸ்ஸின் பின்புறத்தில் இரும்பு பீரோ மாதிரி ஓர் அடுப்பு. அதில் கரியைக் கொட்டி நெருப்பு வைத்து, நான் பின்படியில் நின்று கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஊதவேண்டும். புகை குழாய் வழியாக இஞ்சினுக்குப் போகும். இஞ்சின் அதை முகர்ந்து பார்த்து, நாலு வீட்டுச் சம்பந்தத்தை விசாரிப்பது மாதிரி யோசித்து, பிடித்தால் ஓடும். நடக்கிறவர்களை முந்துவோம். ஓடுகிறவர்களோடு போட்டி வைத்துக்கொள்வதில்லை. மேடு வந்தால் பிரயாணிகள் எல்லோரும் இறங்கித் தள்ளவேண்டும். அதனால்தான் எங்கள் வண்டியில் மேடு ஏறின பிறகுதான் டிக்கெட் கிழிப்போம். முதலிலேயே காசு வாங்கிவிட்டால், "காசு குடுத்தவன் எதுக்குத் தள்ளோணும்?" என்று சட்டம் பேசுவார்கள்.

டிரைவர் சவரியார், சேலத்துக்காரர். ஸ்டியரிங்கைத் தொடுமுன் அவர் அந்தோணியாரைக் கும்பிடுவார். அவர் தொட்ட பிறகு நான் எல்லாச் சாமியையும் கும்பிடுவேன்.

அன்றைக்குப் பங்குனி வெயில், எருமையே நிழலுக்கு அடித்துக்கொள்ளும். மோகனூர் ஆற்றங்கரையில் வண்டி புறப்படுகிற நேரத்துக்கு இரண்டு பேர் வந்து ஏறினார்கள். முன்னால் வந்தவருக்கு ஒரு தங்கப்பல். அவர் சிரித்தபோது எதிரே இருந்த ஆட்டுக்குட்டிக்குக் கண் கூசியது. பின்னால் வந்தவர் மஞ்சள் வேட்டி, மணிக்கட்டில் மஞ்சள் காப்பு, வாயை மூடி இறுக்கிக் கட்டின மஞ்சள் துணி. இரண்டு கையாலும் ஒரு செப்புக்குடத்தைக் கட்டிப்பிடித்திருந்தார். குடத்தின் வாயில் வேப்பிலை.

"ஏனுங்க கண்டக்டரே, புதுப்பட்டிக்கு ரெண்டு டிக்கெட்டுங்க" என்றார் தங்கப்பல். "நான் கண்ணுசாமி. இவன் எம்பட பங்காளி நாச்சிமுத்து. தறிக்காரன். மாரியம்மனுக்குக் காவேரித் தீர்த்தம் கொண்டாறான். இவங்கிட்ட மட்டும் ஒண்ணும் கேட்டுப்போடாதீங்க."

"ஏன், வாயில புண்ணா?"

"புண்ணா! இவன் தூங்கினாலும் வாய் முழிச்சிருக்கும் சாமி. கொடம் எடுத்தவன் அம்மன் மேல தண்ணிய ஊத்தற வரைக்கும் பேசப்படாதுங்க. மத்தவனுக்கெல்லாம் அத்தோட செரி. இவன் தலையாட்டியே அரைமணி நேரம் ஊர்க்கதை சொல்லுவான், கையை வெச்சே வழக்குப் பேசுவான். அதனால பூசாரி இவனுக்குன்னு தனிக் கட்டு போட்டிருக்கறாரு. பேசப்படாது, தலையாட்டப்படாது, சாடை காட்டப்படாது, கொடத்தைக் கீழே வெக்கப்படாது. பொழுது உழுகறதுக்குள்ள ஊத்தியாகோணும். ஒண்ணு தப்புனாலும் அடுத்த வருசத்துல இருந்து கொடம் எங்க ஊட்டுக்கு."

"இத்தனை நாள் யார் வீட்டில்?"

"இவங்க ஊட்டுலதான். தாத்தன் எடுத்தான், அப்பன் எடுத்தான், அண்ணன் எடுத்தான். அண்ணனுக்கு முட்டிவாதம். இவனுக்கு இதுதான் மொத வருசம்." கண்ணுசாமி என் காதோரம் குனிந்தார். "வழக்கமா நடந்துதான் போவோம். நாந்தான் இந்த வருசம் பஸ்ஸுன்னு சொன்னேன். நடந்தா வெறும் காடுதானே, பேசறதுக்கு ஆரு இருக்கறா? பஸ்ஸுல நாப்பது பேரு. நாப்பது பேரைப் பார்த்துப்போட்டு இவன் சும்மா வருவானாங்க?"

தங்கப்பல் மறுபடியும் மின்னியது. நாச்சிமுத்து பங்காளியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு பெரிய புராணத்துக்கு வேண்டிய அவ்வளவும் இருந்தது. ஆனால் இமைகூட அசையவில்லை.

"எந்தப் புதுப்பட்டி?" என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஆற்றங்கரை மேடு வந்துவிட்டது. "எல்லாரும் இறங்குங்க! தள்ளினாத்தான் டிக்கெட்!" என்று கத்திவிட்டு நான் பின்படிக்கு ஓடினேன். குடம் வைத்திருந்தவரை மட்டும் யாரும் இறங்கச் சொல்லவில்லை. மற்ற அத்தனை பேரும் தோள் கொடுத்தார்கள். கண்ணுசாமிதான் நடுநாயகமாக நின்று, "ஏலேலோ" போட்டுத் தள்ளினார். நான் கைப்பிடியைச் சுற்றின சுற்றில் அடுப்பு சிவந்து, குழாய் சிவந்து, நானும் சிவந்தேன்.

திடீரென்று இஞ்சினுக்குச் சம்பந்தம் பிடித்துவிட்டது. பீரங்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பஸ் மேட்டை ஒரே தாவாகத் தாவி, உச்சியில் காற்றில் மிதந்து, அந்தப் பக்கம் இறங்கி ஓட ஆரம்பித்தது. பின்னால் புகைக்குள்ளே நாற்பது பேர் கரிப்பொம்மைகளாக நின்றார்கள். கொஞ்சம் தூரம் ஒரு தங்கப்பல் மட்டும் ஓடிவந்தது தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை.

நான் உள்ளே ஓடினேன். "அண்ணே, நிறுத்துங்க! ஜனங்க எல்லாம் பின்னால நிக்கறாங்க!"

"நிறுத்தினா மறுபடி கிளப்பணும். கிளப்பணும்னா தள்ள ஆள் வேணும். ஆள் எங்கே?" என்றார் சவரியார், ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"ஆள்தான் பின்னால நிக்கறாங்களே!"

"அப்போ இங்கே இல்லேன்னு ஆச்சில்லே? இல்லாத ஆளை வெச்சு எப்படித் தள்றது? அதனால நிறுத்த முடியாது."

இதற்கு நான் முப்பது வருஷ சர்வீஸில் பதில் யோசித்துக்கொண்டே இருந்து, ரிட்டையரும் ஆகிவிட்டேன். இன்னும் கிடைக்கவில்லை.

ஆக, பஸ்ஸில் இப்போது சவரியார், நான், நாச்சிமுத்து, குடம். நாச்சிமுத்துவின் முன்னால் உட்கார்ந்து, "ஏங்க, உங்க ஊர் எந்தப் புதுப்பட்டி? நாமக்கல்லுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அந்தப் பக்கம்னா மட்டும் ஒரு இருமல் இருமுங்க" என்றேன்.

கோயில் தூணாவது அடிக்கிற காற்றுக்குக் கொஞ்சம் சிலிர்க்கும். அவர் சிலிர்க்கவில்லை. ஓர் ஈ வந்து அவர் மூக்கு நுனியில் உட்கார்ந்து, சுற்றிப் பார்த்து, இது என்ன ஜன்மம் என்று பயந்துபோய்ப் பறந்துவிட்டது. பங்காளியும் இல்லை, பூசாரியும் இல்லை, ஒரு தலையாட்டு ஆட்டினால் யாருக்குத் தெரியும்? "அம்மனுக்குத் தெரியும்" என்று அந்தக் குடத்தின் மேலிருந்த வேப்பிலை சொல்கிற மாதிரி இருந்தது. எனக்கே கொஞ்சம் முதுகு கூசி, கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

நாமக்கல்லுக்கு முன்னாலேயே ஒரு புதுப்பட்டி இருந்தது. அங்கே நல்ல இறக்கம். இறக்கத்தில் நிறுத்தினால் உருட்டியே கிளப்பிவிடலாம் என்பதால் சவரியார் தாராளமாக நிறுத்துவார்.

"இதுவாத்தான் இருக்கும், இறக்கிவிடு" என்றார்.

நான் நாச்சிமுத்துவைத் தோளைப் பிடித்து இறக்கினேன். அவர் கண்கள் தோசைக்கல் அகலத்துக்கு விரிந்தன. பக்தி என்று நினைத்தேன்.

கிணற்றடியில் நின்றிருந்த மாரக்காள் என்கிற அம்மாள்தான் முதலில் பார்த்தாள். "அய்யோ சாமி! தீர்த்தம் வந்துருச்சு! பஸ்ஸேறி வந்துருச்சு!" என்று அவள் போட்ட கூச்சலில் நாமக்கல் மலைக்கோட்டைப் புறாக்கள் பறந்தன. ஊரே திரண்டது. தப்பட்டை வந்தது. யாரோ நாச்சிமுத்து காலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். யாரோ ஒரு மாலையைப் போட்டு, போதாதென்று எனக்கும் ஒன்றைப் போட்டார்கள்.

கோயில் தர்மகர்த்தா சின்னராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். "கண்டக்டரே, உங்களுக்குத் தெரியாதுங்க. எங்கூர்ல மேலத்தெருக்காரன் கொடம் எடுக்கோணும்னா கீழத்தெருக்காரன் ஒத்துக்கறதில்லே. கீழத்தெருக்காரன் எடுத்தா மேலத்தெருக்காரன் கதவைச் சாத்திக்கறான். மூணு வருசமா அம்மன் வறண்டுபோய்க் கெடக்கறா. இப்போ ரெண்டு தெருவும் இல்லாத ஒரு மனுசனை அவளே அனுப்பிச்சுப்போட்டா!"

"இவர் உங்க ஊர்க்காரர் இல்லையா?"

"இல்லீங்க. அதுனாலதானுங்க சந்தோசம்!"

"இல்லீங்க, இது வேற புதுப்பட்டித் தீர்த்தம். எந்தப் புதுப்பட்டின்னுதான் தெரியல" என்றேன்.

"அம்மன் ஒண்ணுதானுங்களே?" என்றாள் மாரக்காள். "ஊரு பேரும் ஒண்ணு. தண்ணியும் காவேரித் தண்ணி. இதுல என்னத்துக்கு வித்தியாசம் பாக்கறீங்க?"

அதற்குள் நாச்சிமுத்துவைத் தள்ளிக்கொண்டு போய்ச் சந்நிதியில் நிறுத்திவிட்டார்கள். குடத்தை அவர் நெஞ்சோடு இறுக்கின இறுக்கலில் செப்பு நெளிந்தது. சரித்தால் போதும், அவர் வீட்டு உரிமை அங்கேயே தரையில் ஓடிவிடும். அவர் நெற்றியிலிருந்து வியர்வை தாரையாக இறங்கியது. அம்மனுக்கு அதையே அபிஷேகம் பண்ணியிருக்கலாம்.

"பூ கேட்டுப் பாருங்க!" என்று கத்தினேன். எங்கள் பக்கத்தில் அதுதான் கடைசித் தீர்ப்பு. அம்மன் தலையில் பூவை வைத்துக் கேட்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் இல்லை.

சின்னராஜ் பூ வைத்தார். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பூ அசையவில்லை. ஊர் மூச்சை விடவும் இல்லை. ஒருத்தர் இரண்டு பேர் நீலமானார்கள். இறக்கத்தில் அடுப்பு அணைந்துகொண்டிருப்பதைப் பார்த்துப் பொறுமை போன சவரியார், பஸ் ஹாரனின் ரப்பர்ப் பந்தை இரண்டு கையாலும் அமுக்கினார். 'பாம்ம்ம்!' சந்நிதி அதிர்ந்தது. பூ இடப்பக்கம் விழுந்தது.

"சத்தத்துல உழுந்துருச்சு, கணக்கில்லே" என்றார் ஒரு மேலத்தெருக்காரர்.

"கணக்கில்லே" என்றார் ஒரு கீழத்தெருக்காரர். மூன்று வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

மறுபடி வைத்தார்கள். 'பாம்ம்ம்!' இடப்பக்கம். இன்னொரு தடவை, பூவைச் சந்தனத்தில் நன்றாக ஒட்டி வலப்பக்கம் சாய்த்தே வைத்தார்கள். 'பாம்ம்ம்ம்ம்!' பூ, சந்தனம், அம்மன் தலைக்கு மேலே கூடு கட்டியிருந்த குருவி எல்லாம் சேர்ந்து இடப்பக்கம் விழுந்தன.

சின்னராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். "அவளுக்கு வேண்டாமாம். கொண்டு போங்க சாமி."

அவர் சொல்லி முடிக்குமுன் நாச்சிமுத்து பஸ்ஸுக்குள் இருந்தார். ஒரு சொட்டுச் சிந்தாமல் அப்படி ஓடின மனுஷனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பூ கேட்ட கூத்தில் மத்தியானம் போய்விட்டது. நாமக்கல்லைத் தாண்டி ராசிபுரம் ரோட்டில் ஊர்ந்துகொண்டிருந்தபோது சவரியார் திரும்பி, "கரி தீர்ந்தது" என்றார்.

"அய்யோ, பொழுது சாயறதுக்குள்ள போகணுமே!"

"கவலைப்படாதே தம்பி. இந்தக் கிளை ரோட்டில போனா என் மாமியார் ஊர். அவங்க வீட்டில் கரி மூட்டை இருக்கும்." பிறகு பெருமூச்சு விட்டார். "மாமியாரும் இருப்பாங்க."

"ஊர் பேர் என்ன?"

"புதுப்பட்டிதான், வேறென்ன."

நான் துள்ளிக் குதித்தேன். "ஒருவேளை இதுதானோ?"

"இங்கே மாரியம்மன் கோயிலே கிடையாதுடா. அந்தோணியார் கோயில்தான்."

சவரியாரின் மாமியார் ஆரோக்கியம் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். நல்ல மனுஷி. ஆனால் அவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்த பிறகு பிறந்த கன்றுக்குட்டிகள், அது முடிவதற்குள் ஏர் உழுதிருக்கின்றன என்று ஊரில் சொல்லுவார்கள். சவரியாரும் நானும் அடுப்புக்குக் கரி அள்ளப் போய்விட்டோம். நாச்சிமுத்துவைக் குடத்தோடு கட்டிலில் உட்காரவைத்து, எதிரே முறத்தில் கடலைக்காய் உரித்துக்கொண்டு ஆரோக்கியம் ஆரம்பித்தாள். மழையில் ஆரம்பித்தாள், மண்ணெண்ணெய்க்கு வந்தாள், யுத்தத்தை முடித்தாள், ரேஷன் அரிசியில் இருந்த கல்லை ஒவ்வொன்றாக விவரித்தாள். நாச்சிமுத்து குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மாதாவே! என் ஜென்மத்துல என் பேச்சை இவ்வளவு பொறுமையாக் கேட்ட ஆம்பளை இவரு ஒருத்தருதான். எனக்கு ஒரு மாப்பிள்ளை வாய்ச்சாரு பாருங்க, நான் 'வாங்க'ன்னு சொல்றதுக்குள்ள 'போயிட்டு வாரேன்'னு சொல்றாரு."

கரிமூட்டையைத் தூக்கிக்கொண்டு போன சவரியார் நடையை எட்டிப்போட்டார்.

"கேளுங்க தம்பி" என்றாள் ஆரோக்கியம், நாச்சிமுத்துவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து. "போன மாசம் ராசிபுரம் சந்தையில ஒருத்தரைப் பார்த்தேன். போதமலைக்கு அடிவாரத்துல ஒரு புதுப்பட்டி இருக்குதில்லே? அந்த ஊராம். மலையில இருந்து ஒரு சிறுத்தை இறங்கி, ஒரு தறிக்காரன் ஊட்டுக்குள்ள புகுந்து, தறிக்குழிக்குள்ள உழுந்துருச்சாம். தறிக்காரன் பயந்து ஓடி, அடுக்குப்பானைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டானாம்."

கட்டிலில் ஏதோ சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். நாச்சிமுத்து அசையவில்லை. குடத்துக்குள் தண்ணீர்தான் 'தளக் தளக்' என்றது.

"அப்போ இவருதான் போயி, பாவு நூலாலேயே அந்தச் சிறுத்தையைச் சுத்திக் கட்டி, ஒரே அடியில..."

வேப்பிலைக் கொத்து குடத்திலிருந்து எழும்பி எழும்பி விழுந்தது. நாச்சிமுத்துவின் கழுத்து நரம்பு நுகத்தடிக் கயிறு மாதிரி புடைத்தது. வாய்க்கட்டுத் துணி உள்ளிருந்து பலூனாக உப்பியது. பசி, தாகம், வெயில், பூ எல்லாவற்றையும் தாங்கின மனுஷன். தனக்குத் தெரிந்த கதையை இன்னொருத்தர் தப்பாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற தண்டனையை எந்தக் கோர்ட்டும் யாருக்கும் கொடுத்ததில்லை.

"ஆரு சொன்னது இதை?" என்று நான் கரிக்கையோடு ஓடிவந்தேன்.

"அவரேதான் சொன்னாரு. பேரு கண்ணுசாமியோ என்னமோ. சிரிச்சா ஒரு தங்கப்பல்லு..."

"தங்கப்பல்!" என்று கத்தினேன். "அண்ணே, கிடைச்சுது! இவர் ஊர் போதமலை அடிவாரம்! பங்காளி தங்கப்பல் கண்ணுசாமி அந்த ஊர்க்காரன்!"

சவரியார் முகத்தைத் துடைத்தார். கரி இன்னும் பரவியது. "அது நம்ம ரூட்டே இல்லையேடா. ராசிபுரத்தில இறங்கி நடப்பாங்க. வண்டி போகணும்னா அங்கே சேலம் ரோட்டை விட்டு ஆத்தூர்ப் பக்கம் திரும்பணும். முதலாளி தோலை உரிப்பாரு."

சொல்லிவிட்டு நாச்சிமுத்துவைப் பார்த்தார். இத்தனை நேரம் அசையாத அந்தக் கண்களில் இரண்டு சொட்டு நின்றது. அழுதால் சாடை ஆகிவிடுமோ என்று அதையும் விழாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏறுங்கப்பா" என்றார் சவரியார். "தோல் என்னுதுதானே."

ஆனால் அந்த ஊர் உள்ளங்கை மாதிரி சமதளம். வண்டியைக் கிளப்பத் தள்ளவேண்டும். ஆரோக்கியம் தெருவில் நின்று ஒரு குரல் கொடுத்தாள். ஜெபத்துக்குக் கூடியிருந்த கூட்டம் அப்படியே வந்து தோள் கொடுத்தது. மாரியம்மனுக்குப் போகிற தண்ணீர் என்று தெரிந்ததும் ஒரு பெரியவர், "வெயில்ல போற தண்ணி, ஆரு குடிச்சா என்னப்பா, தள்ளுங்க" என்றார். அந்தோணியார் பேரைச் சொல்லித் தள்ளினதில் இஞ்சின் யோசிக்காமலேயே பிடித்துக்கொண்டது. ஆரோக்கியமும் ஓடிவந்து ஏறிவிட்டாள்.

"நீங்க எதுக்கு அத்தை?" என்றார் சவரியார், குரல் நடுங்க.

"கதை பாதியில நிக்குது மாப்ளே!"

ராசிபுரம் வரையிலும் அவள் அந்தச் சிறுத்தையை மூன்று விதமாகக் கொன்றாள். மூன்றிலும் கண்ணுசாமிதான் வீரர். தறிக்காரன் முதல் தடவை அடுக்குப்பானைக்குப் பின்னால், இரண்டாவது தடவை பானைக்குள்ளே, மூன்றாவது தடவை மாமியார் வீட்டில். குடத்துத் தண்ணீர் கொதிநிலைக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். தொட்டுப்பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போதமலை அடிவாரத்துக்கு வந்தபோது ரோட்டில் வெயில் இல்லை. மலை உச்சியில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊருக்கு முன்னால் ஒரு கடைசி மேடு. சவரியார் மூச்சைப் பிடித்துக்கொண்டார், நான் கைப்பிடியைச் சுற்றினேன், ஆரோக்கியம்கூட ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தினாள். அந்த ஆச்சரியத்திலேயே இஞ்சின் மேட்டை ஏறிவிட்டது.

கோயில் முன்னால் ஊரே நின்றது. நடுவில் கண்ணுசாமி. கடலைக்காய் லாரி ஒன்றைப் பிடித்து நேராக வந்து சேர்ந்திருக்கிறார். எங்கள் அடுப்புக் கரி இன்னும் முகத்தில் இருந்ததால், பல் மட்டும் தனியாகப் பேசிக்கொண்டிருந்தது.

"நாந்தான் சொன்னனே! அவன் எங்கேயாச்சும் ஒக்காந்து கதை பேசிக்கிட்டிருப்பான். கொடம் இனி எங்க ஊட்டுக்குத்தான்!"

அப்போது பஸ் வந்து நின்றது. நாச்சிமுத்து இறங்கினார். பூசாரி குமாரசாமி மலை உச்சியைப் பார்த்தார். "வெயில் இருக்குது, வா சாமி, வா!" என்றார். ஆனால் கண்ணுசாமி குறுக்கே கையை நீட்டினார்.

"இருங்க பூசாரி! பஸ்ஸுல வந்தவன் பேசாம வந்திருப்பானுங்களா? இவனா? சாட்சி ஆரு?"

"நான் சாட்சி" என்றேன். "காலையிலிருந்து ஒரு இமை அசையல."

"கண்டக்டர் வெளியூருங்க, அவருக்கு இவன் வாயைப் பத்தி என்ன தெரியும்?"

ஆரோக்கியம் பஸ் படியிலிருந்து இறங்கினாள். "நான் சாட்சி சொல்றேன். என் ஊட்டுல இருந்து இங்கே வரைக்கும் நான் இவர்கூட இருந்தேன்."

"இவன் பேசவே இல்லியா?"

"அவரு எப்படிங்க பேச முடியும்? நான் எடம் குடுத்தாத்தானே?"

மாமியார் சொல்வது நிஜமா என்று சவரியாரைக் கேட்டார்கள். அத்தை பேசும்போது யாராலும் வாய் திறக்க முடியாது என்று அவர் சத்தியம் செய்தார், அந்தோணியார் மேல், கண்ணீரோடு. அந்தச் சாட்சியை யாரும் சந்தேகப்படவில்லை.

கண்ணுசாமியின் கை தானாக இறங்கியது. நாச்சிமுத்து நாலே எட்டில் சந்நிதிக்குள் போய்க் குடத்தைச் சரித்தார். மலையுச்சியில் ஒட்டியிருந்த வெயில் மறைவதற்கும் தண்ணீர் அம்மன் தலையில் விழுவதற்கும் சரியாக இருந்தது. தண்ணீர் விழுந்த இடத்தில் ஆவி பறந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். தப்பட்டை அதிர்ந்தது. குலவை எழுந்தது. பூசாரி வந்து வாய்க்கட்டில் கை வைத்தார்.

அப்போது நாச்சிமுத்துவின் சம்சாரம் கந்தம்மாள் ஓடிவந்து, "பூசாரி, விடியற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டுமே அந்தத் துணி?" என்று கெஞ்சினாள். பூசாரி கட்டை அவிழ்த்துவிட்டார்.

நாச்சிமுத்து அம்மனை விழுந்து கும்பிட்டார். எழுந்தார். வெளியே வந்தார். ஊர் முழுக்க அவர் முதல் வார்த்தைக்காகக் காத்திருந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராக ஆரோக்கியத்திடம் போய் நின்றார்.

"அம்மணி, மொதல்ல, அது சிறுத்தை இல்லீங்க. புலி. ரெண்டாவது, கட்டினது நானு. அடுக்குப்பானைக்குப் பின்னால ஒளிஞ்சவன் இவன்!"

தங்கப்பல் வாய்க்குள் போய் ஒளிந்துகொண்டது.

"ஏனுங்க, அது காட்டுப்பூனைங்க" என்றாள் கந்தம்மாள் மெதுவாக.

"வாலு இவ்வளவு நீளம்!" என்று நாச்சிமுத்து இரண்டு கையையும் விரித்தார். நாள் முழுக்கக் குடத்தைப் பிடித்திருந்த கைகள், விரித்ததில் ஆளுக்கொரு தெருவில் இருந்தன.

"இருங்க தம்பி, எனக்குச் சொன்னது அப்படி இல்லியே" என்று ஆரோக்கியம் ஆரம்பித்தாள்.

"நீங்க கேளுங்க அம்மணி" என்று நாச்சிமுத்து ஆரம்பித்தார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இரண்டு மழை ஒரே குளத்தில் பெய்கிற மாதிரி இருந்தது. அவர் காலையிலிருந்து அடக்கிவைத்தது, அவள் பிறந்ததிலிருந்து அடக்காதது. ஜனங்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு உட்கார்ந்தார்கள், பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்கு நழுவினார்கள். பொங்கல் வைத்து, சாப்பிட்டு, கை கழுவித் திரும்பிவந்தபோது புலி இன்னும் தறிக்குழிக்கு வெளியிலேயே நின்றது.

அங்கேயே, அப்போதே, பூசாரி குமாரசாமி தலைமையில் ஊர் கூடி ஒரு முடிவு எடுத்தது. தீர்த்தக் குடம் எடுக்கிற உரிமை ஆயுசு முழுக்க நாச்சிமுத்துவுக்கே. கட்டுகள் அத்தனையும் அப்படியே தொடரவேண்டும். "இன்னிக்கு ஊரு எவ்வளவு அமைதியா இருந்துச்சு!" என்று சொல்லிக் கந்தம்மாள்தான் முதலில் கை தூக்கினாள். முடிந்தால் மாதாமாதம் தீர்த்தம் எடுப்பதற்கு அம்மனிடம் பூ கேட்பது என்றும் பேசிக்கொண்டார்கள். கண்ணுசாமிகூட இரண்டு கையையும் தூக்கினார். புலிக்கதையில் அவருடைய பாகம் அப்போதுதான் வரவிருந்தது.

நாங்கள் வண்டியை உருட்டிக்கொண்டு புறப்பட்டோம். ஆரோக்கியம் ஏறிக்கொண்டாள். நாச்சிமுத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, கதையை விடாமல், கூடவே ஓடிவந்தார். முன்னமே சொன்னேனே, எங்கள் வண்டி ஓடுகிறவர்களோடு போட்டி வைத்துக்கொள்வதில்லை. ராசிபுரம் வரையில் வந்தார். புலியைக் கட்டி முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

அவர் போன பிறகு வண்டிக்குள் மாமியாரின் குரல் மட்டும் மிச்சம் இருந்தது. சவரியார் என் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, எங்க கோயில்லயும் இப்படிக் கொடம் எடுக்கிற வழக்கம் ஏதாவது ஆரம்பிக்கலாமான்னு பங்குச் சாமியாரைக் கேட்டா, கோவிச்சுக்குவாரா?"